சுபாஷ் கபூர் (கலைப்பொருள் விற்பனையாளர்)

சுபாஷ் கபூர் அமெரிக்காவின் நியூயார்க் நகரில் பழங்கலைப்பொருள் விற்பனைக்கூடம் ஒன்றை நடத்திவந்த இந்திய வம்சாவளி வணிகர் ஆவார். சுமார் முப்பத்தைந்து ஆண்டுகள் தெற்காசிய, தென்கிழக்காசியக் கலைப்பொருள்களை உலகின் முன்னணி அருங்காட்சியகங்களுக்கு விற்றவர் என்ற வகையில் அத்துறையில் மதிப்புப் பெற்றிருந்தார். தமிழ்நாட்டுக் கோயில்களில் இருந்து களவாடப்பட்ட சிலைகளைக் கடத்தி விற்றதாக எழுந்த குற்றச்சாட்டின்பேரில் அக்டோபர் 30, 2011 அன்று செருமனியின் பிராங்க்பர்ட் வானூர்தி நிலையத்தில் கைது செய்யப்பட்டார். 2012 சூலையில் இந்தியாவுக்கு நாடுகடத்தப்பட்ட இவருக்கு, நவம்பர் 1, 2022 அன்று கும்பகோணம் நீதிமன்றம் பத்து ஆண்டுகள் சிறைத்தண்டனை விதித்தது. இந்தியச் சிலைக்கடத்தல் வரலாற்றில் பெரியதும், வெளிநாட்டு அருங்காட்சியகங்களைத் தம் சேகரிப்புகளை மீளாய்வு செய்ய வைத்ததுமான வழக்கு இதுவே.

வாழ்க்கைக் குறிப்பு

கபூர் 1949 ஆம் ஆண்டளவில் பிறந்தவர். இவருடைய தந்தை தில்லியில் பழம்பொருள் வணிகத்தில் ஈடுபட்டிருந்தார். தந்தையிடம் தொழில் பழகிய கபூர் 1970களின் நடுப்பகுதியில் அமெரிக்காவில் குடியேறி, பின்னர் அந்நாட்டுக் குடியுரிமையும் பெற்றார். மன்காட்டன் பகுதியின் மேடிசன் அவென்யூவில் "ஆர்ட் ஆப் த பாஸ்ட்" என்ற காட்சிக்கூடத்தை நடத்தினார். "கடந்த காலத்தின் கலை" என்பது அப்பெயரின் பொருள். மெட்ரோபாலிட்டன் கலை அருங்காட்சியகத்தில் இருந்து நடந்தே சென்றுவிடக்கூடிய தொலைவில் அக்கூடம் அமைந்திருந்தது. இறக்குமதிக்காக "நிம்பஸ்" என்ற பெயரில் மற்றொரு நிறுவனத்தையும் வைத்திருந்தார்.

விற்பனையாளர் என்பதோடு கொடையாளர் என்றும் இவர் அறியப்பட்டார். இவர் வழங்கிய இந்திய ஓவியக் கோட்டுருவங்களைக் கொண்டு 2009 ஆம் ஆண்டில் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் இவருடைய பெயரிலேயே ஒரு கண்காட்சியை நடத்தியது. கலைப்பொருள் வணிகத்தில் இத்தகைய கொடைகளுக்குத் தனிப் பயன் உண்டு. ஒருவர் அளித்த பொருளைப் பெயர் பெற்ற அருங்காட்சியகம் ஏற்றுக்கொண்டால், அவரிடம் வாங்கும் பிற நிறுவனங்களுக்கும் அவர்மீது நம்பிக்கை பிறக்கிறது. ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் மட்டும் 2002 முதல் இவரிடம் இருபதுக்கும் மேற்பட்ட பொருள்களை வாங்கியது. சிங்கப்பூரின் ஆசிய நாகரிகங்கள் அருங்காட்சியகம், அமெரிக்காவின் தொலீடோ கலை அருங்காட்சியகம், சிட்னியில் உள்ள நியூ சவுத் வேல்சு கலைக்கூடம் முதலியனவும் இவருடைய வாடிக்கையாளர்களாக இருந்தன.

வணிகமும் ஆவணமும்

பழங்கலைப்பொருள் ஒன்றின் விலையை அதன் அழகும் தொன்மையும் மட்டும் தீர்மானிப்பதில்லை. அது யார் யாரிடம், எந்தெந்த ஆண்டுகளில் இருந்தது என்பதைக் காட்டும் கைமாற்ற வரலாறும் உடன் இருத்தல் வேண்டும். பண்பாட்டுச் சொத்துகளின் சட்டமுரணான கடத்தலைத் தடுக்கும் யுனெசுக்கோ உடன்படிக்கை 1970 ஆம் ஆண்டு நவம்பரில் ஏற்கப்பட்டது. இந்தியாவின் தொல்பொருள்கள், கலைச்செல்வங்கள் சட்டம் 1972 ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு 1976 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. இதன்படி நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட சிலைகளைத் தனியார் ஏற்றுமதி செய்ய இயலாது. (அதற்கு முன்பும் 1947 ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று ஏற்றுமதிக்கு உரிமம் கோரியது என்பதை வெளிநாட்டு வணிகர்கள் பெரும்பாலும் சொல்வதில்லை.)

ஆகவே ஒரு சோழர் காலச் சிலை 1970களின் தொடக்கத்துக்கு முன்னரே இந்தியாவை விட்டு வெளியேறியிருந்தது என்று காட்டும் தாள் ஒன்று கிடைத்துவிட்டால் அதன் விற்பனை எளிதாகிவிடும். கபூரின் வணிகத்தின் அடிப்படை இத்தகைய தாள்களே என்று புலனாய்வாளர்கள் முடிவு செய்தனர். அறிமுகமானவர்களின் பெயரிலும் இறந்துபோன சேகரிப்பாளர்களின் பெயரிலும் பழைய தேதியிட்ட உறுதிமொழிக் கடிதங்களும் பற்றுச்சீட்டுகளும் ஆயத்தம் செய்யப்பட்டன. வாங்கிய அருங்காட்சியகங்களுள் பெரும்பாலானவை அவற்றைத் துருவி ஆராயவில்லை.

இந்தியாவில் இருந்து சிலைகளை வெளியே அனுப்ப மற்றொரு வகைத் தாள் தேவைப்பட்டது. தமிழ்நாட்டில் புதிய சிலைகளைச் செய்யும் தொழில் இன்றும் உயிரோடு உள்ளது. செங்கல்பட்டு மாவட்டக் கடற்கரையில் உள்ள மாமல்லபுரத்தில் கல்தச்சர்களின் பட்டறைகள் வீதிதோறும் காணப்படுகின்றன. அங்கு 1957 ஆம் ஆண்டிலேயே அரசு சிற்பப் பயிற்சி நிலையம் தொடங்கப்பட்டது. மாமல்லபுரக் கற்சிற்பங்களுக்கு 2017 ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் கிடைத்தது. கும்பகோணத்தை அடுத்த சுவாமிமலையில் தபதிகள் மெழுகு வார்ப்பு முறையில் செப்புத் திருமேனிகளை வார்க்கின்றனர். இவர்களுடைய படைப்புகள் முறைப்படி ஏற்றுமதியாகின்றன. இந்த நேர்மையான வணிகத்தின் நிழலில்தான் கடத்தல்காரர்கள் ஒதுங்கினர். களவாடிய பழஞ்சிலைகளைப் புதிய கைவினைப் பொருள்கள் என்று அறிவித்து, உண்மையான புதுச் சிலைகளோடு கலந்து பெட்டிகளில் அடைத்து அனுப்பினர். பழகாத கண்ணுக்குப் புதியதும் பழையதும் எளிதில் வேறுபடுவதில்லை. சுங்க அலுவலர் ஒவ்வொரு பெட்டிக்கும் தொல்லியல் அறிஞரை அழைப்பதும் நடைமுறையில் இயலாதது.

சிறீபுரந்தானும் சுத்தமல்லியும்

கபூர் மீதான வழக்கின் மையமாக அமைந்தவை அரியலூர் மாவட்டத்தின் இரண்டு சிற்றூர்கள். சிறீபுரந்தானில் உள்ள சிவன் கோயில் சோழர் காலத்தைச் சேர்ந்தது. வழிபாடு குன்றிப் பல காலம் பூட்டிக் கிடந்த அக்கோயிலினுள் ஆடவல்லான், உமை, பிள்ளையார் உள்ளிட்ட எட்டுச் செப்புத் திருமேனிகள் இருந்தன. அருகிலுள்ள சுத்தமல்லி வரதராசப் பெருமாள் கோயிலிலும் இவ்வாறே சிலைகள் இருந்தன. காவலர் இல்லாத கோயில், ஆண்டுக்கணக்கில் திறக்கப்படாத கதவு, புகைப்படப் பதிவேடு இல்லாத சிலைகள் ஆகிய மூன்றும் ஒருங்கே அமைந்த இடம் திருடர்களுக்கு எத்துணை வாய்ப்பானது என்பதை விளக்கத் தேவையில்லை.

கபூருக்காகத் தமிழ்நாட்டில் சிலைகளைத் திரட்டியவர் சென்னையைச் சேர்ந்த சஞ்சீவி அசோகன் என்பது காவல்துறையின் வழக்கு. அவர் அமர்த்திய ஆட்கள் 2006 ஆம் ஆண்டில் சிறீபுரந்தான் கோயிலில் களவு செய்தனர். சிலைகள் போய்விட்டதை ஊரார் அறியவில்லை. 2008 ஆம் ஆண்டில் சுத்தமல்லிக் கோயிலில் களவு நடந்தது தெரியவந்தது. அதன்பின்னர் சிறீபுரந்தான் சிலைகளைப் பாதுகாப்பான இடத்துக்கு மாற்ற அலுவலர்கள் சென்று கதவைத் திறந்தபோதுதான் அங்கும் எதுவும் இல்லை என்பது வெளிப்பட்டது.

இதற்கிடையில், ஒரே கோயிலில் ஒன்றாக வழிபடப்பட்ட திருமேனிகள் மூன்று கண்டங்களுக்குப் பிரிந்து போயிருந்தன. பிள்ளையாரை 2006 ஆம் ஆண்டில் தொலீடோ அருங்காட்சியகம் 2,45,000 டாலருக்கு வாங்கியது. உமையை 2007 ஆம் ஆண்டில் சிங்கப்பூர் அருங்காட்சியகம் 6,50,000 டாலருக்கு வாங்கியது. ஆடவல்லானை 2008 பிப்ரவரியில் கான்பராவில் உள்ள ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் சுமார் 50 இலட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கியது.

ஆடவல்லான் திருமேனி

கான்பரா சென்ற ஆடவல்லான் சுமார் 128 செ.மீ உயரம் உடைய திருமேனி. இத்தகைய செப்புத் திருமேனிகள் கருவறையில் நிலையாக இருப்பவை அல்ல. விழாக்காலங்களில் நீராட்டி, அணி செய்து, தோளில் சுமந்து வீதியுலா கொண்டுசெல்வதற்காக வார்க்கப்பட்டவை. பீடத்தில் தண்டு கோக்கும் துளைகள் இருப்பது அதனால்தான். அருங்காட்சியகத்தில் ஆடையின்றி, மாலையின்றி, ஒளிவிளக்கின் கீழ் நிற்கும்போது பார்வையாளர் காண்பது அத்திருமேனியின் ஒரு பகுதியை மட்டுமே.

விற்பனைக்கு முன் கபூர் அளித்த ஆவணங்களின்படி, இச்சிலை 1970 ஆம் ஆண்டையொட்டித் தில்லியில் பணியாற்றிய சூடான் நாட்டுத் தூதரக அலுவலர் ஒருவரால் அங்கு வாங்கப்பட்டது. பின்னர் அவருடைய மனைவி அதனை விற்றார். கலைக்கூடம் தன் பங்குக்குச் சில விசாரணைகளைச் செய்தது. களவுபோன கலைப்பொருள்களைப் பதிவு செய்யும் பன்னாட்டுத் தரவுத்தளத்தில் இச்சிலை இல்லை என்ற சான்றும் பெறப்பட்டது. ஆனால் களவு நடந்ததே யாருக்கும் தெரியாத நிலையில், பதிவேட்டில் பெயர் இல்லாதது எதனையும் மெய்ப்பிக்காது. விற்பனை நடந்து சில மாதங்களுக்குப் பிறகே சிறீபுரந்தான் கோயிலின் கதவு திறக்கப்பட்டது. இந்தச் சிலையின் பின்னணி வலுவற்றது, வாங்குவதில் இடர் உண்டு என்று கலைக்கூடத்தின் வழக்கறிஞர் அப்போதே எச்சரித்திருந்தார் என்பது 2014 ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியத் தொலைக்காட்சி வெளியிட்ட புலனாய்வு நிகழ்ச்சி வாயிலாகத் தெரியவந்தது.

கபூரின் தாள்களைப் பொய்யாக்கியது மற்றொரு பதிவு. 1955 ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம், தென்னிந்தியக் கோயில்களின் கட்டடங்களையும் சிற்பங்களையும் ஊர் ஊராகச் சென்று நிழற்படம் எடுத்துத் தொகுத்து வந்தது. ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள் அங்குள்ளன. கலை வரலாற்று ஆய்வுக்காக எடுக்கப்பட்டவையே அவை. களவைக் கண்டுபிடிப்பது அந்நிறுவனத்தின் நோக்கமாக இருந்ததில்லை. 1994 ஆம் ஆண்டில் எடுக்கப்பட்ட படங்களில் சிறீபுரந்தான் ஆடவல்லான் தன் கோயிலிலேயே காணப்பட்டது. 1970களிலேயே நாட்டை விட்டு நீங்கிய ஒரு சிலை 1994 இல் அரியலூர் மாவட்டக் கோயிலில் நின்றிருக்க முடியாது. கையால் செதுக்கிய மெழுகு உருவைக் களிமண் பொதிந்து உருக்கி வார்ப்பதால் ஒவ்வொரு செப்புத் திருமேனியும் தனித்தன்மை உடையது. வார்ப்பு முடிந்ததும் அச்சு உடைக்கப்படும், மெழுகும் எஞ்சாது. திருவாசியின் தீக்கொழுந்துகள், வார்ப்பில் ஏற்பட்ட சிறு குறைகள், தேய்மானங்கள் ஆகியவற்றை ஒப்பிட்டால் இரு படங்களில் இருப்பது ஒரே திருமேனியா என்பதைக் கூற இயலும்.

இத்தகைய ஒப்பீடுகளைச் செய்தவர்களுள் ஊதியம் பெறாத ஆர்வலர்களும் இருந்தனர். சிங்கப்பூரில் கப்பல் துறையில் பணியாற்றிய எசு. விசயகுமார், வேறு சிலருடன் சேர்ந்து அருங்காட்சியகப் பட்டியல்களையும் பழைய படங்களையும் ஒப்புநோக்கிப் பல சிலைகளை அடையாளம் கண்டார். இவ்வனுபவங்களை 2018 ஆம் ஆண்டில் ஆங்கில நூலாகவும் வெளியிட்டார். அமெரிக்க இதழாளர் சேசன் பெல்ச் கபூரின் விற்பனைகளைத் தொடர்ந்து வெளிக்கொணர்ந்தார்.

கைதும் அமெரிக்கச் சோதனைகளும்

1983 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட தமிழ்நாடு காவல்துறையின் சிலைத் திருட்டுத் தடுப்புப் பிரிவு 2009 ஆம் ஆண்டில் சஞ்சீவி அசோகனைக் கைது செய்தது. அவ்விசாரணை நியூயார்க் வரை நீண்டது. இந்தியாவின் வேண்டுகோளின்படி பன்னாட்டுக் காவலகம் வெளியிட்ட தேடல் அறிவிப்பின் பேரிலேயே கபூர் பிராங்க்பர்ட்டில் பிடிபட்டார். ஏறத்தாழ எட்டு மாதங்கள் செருமனியில் காவலில் இருந்தபின் சென்னைக்குக் கொண்டுவரப்பட்டார்.

அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் புலனாய்வாளர்கள் 2012 ஆம் ஆண்டில் கபூரின் காட்சிக்கூடத்திலும் நியூயார்க்கில் இருந்த கிடங்குகளிலும் அடுத்தடுத்துச் சோதனை நடத்தினர். "மறைந்த சிலை நடவடிக்கை" என்று பொருள்படும் பெயர் இதற்கு இடப்பட்டது. ஆயிரக்கணக்கான பொருள்கள் கைப்பற்றப்பட்டன. அவற்றைவிடவும் முதன்மையான சான்றாக அமைந்தவை கணினிகளில் இருந்த படங்கள். களவாடப்பட்ட உடனே, துடைக்கப்படாத நிலையில் எடுக்கப்பட்ட சிலைகளின் படங்கள் அவற்றுள் இருந்தன. பழைய ஐரோப்பியச் சேகரிப்பில் இருந்து வந்ததாகச் சொல்லப்பட்ட சிலை ஒன்று, திருடர்களின் படத்தில் மண் ஒட்டியபடி காணப்பட்டால் அதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

காட்சிக்கூட மேலாளராகப் பல ஆண்டுகள் பணியாற்றிய ஏரன் பிரீட்மன் 2013 டிசம்பரில் நியூயார்க் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். ஆடவல்லான் சிலைக்குப் போலி ஆவணம் ஆயத்தம் செய்யப்பட்டதும் அவ்வழக்கில் இடம்பெற்றிருந்தது. ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2014 பிப்ரவரியில் கபூருக்கு எதிராக நியூயார்க்கில் வழக்குத் தொடுத்தது. மன்காட்டன் மாவட்ட அரசு வழக்கறிஞர் அலுவலகம் 2019 ஆம் ஆண்டில் கபூர் மீதும் உடனிருந்த ஏழு பேர் மீதும் குற்றச்சாட்டுகளைப் பதிவு செய்து, 2020 ஆம் ஆண்டில் கபூரை ஒப்படைக்குமாறு கோரியது. அவ்வலுவலகத்தின் கணக்குப்படி, கபூர் தொடர்பாக மீட்கப்பட்டவை 2,500க்கும் மேற்பட்ட பொருள்கள்; அவற்றின் மதிப்பு 14 கோடி டாலருக்கு மேல். அவை இந்தியாவைச் சேர்ந்தவை மட்டுமல்ல. பாக்கித்தான், ஆப்கானித்தான், நேபாளம், கம்போடியா, தாய்லாந்து முதலிய நாடுகளின் பொருள்களும் அவற்றில் உண்டு.

இந்தியாவில் வழக்கு

கபூர் திருச்சிராப்பள்ளி மத்திய சிறையில் அடைக்கப்பட்டார். தம்மீதான குற்றச்சாட்டுகளை அவர் மறுத்துவந்தார். வழக்கு மெதுவாகவே நகர்ந்தது. சுத்தமல்லி வரதராசப் பெருமாள் கோயிலில் இருந்து 19 சிலைகள் களவுபோனது குறித்து உடையார்பாளையம் காவல் நிலையத்தில் பதிவான வழக்கில், கைதாகிப் பதினோராண்டுகள் கழித்துத் தீர்ப்பு வந்தது. கபூருக்குப் பத்து ஆண்டுகள் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. சஞ்சீவி அசோகனும் மற்றும் நால்வரும் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளிக்கப்பட்டனர். தண்டனைக் காலத்தின் பெரும்பகுதியைக் கபூர் விசாரணைக் கைதியாகவே கழித்துவிட்டிருந்தார்.

முன் நிகழ்வுகள்

கடத்தப்பட்ட தமிழகச் சிலைகள் வெளிநாட்டில் இருந்து திரும்புவது கபூர் வழக்கோடு தொடங்கவில்லை. தஞ்சைப் பகுதியின் சிவபுரம் கோயில் ஆடவல்லான் 1950களில் பழுதுபார்க்கக் கொடுக்கப்பட்டபோது, அதற்கு மாற்றாகப் போலிச் சிலை ஒன்று கோயிலுக்குத் திருப்பித் தரப்பட்டது. மூலச் சிலை பல கைகள் மாறிக் கலிபோர்னியாவின் நார்ட்டன் சைமன் அறக்கட்டளையை அடைந்தது. நீண்ட வழக்குக்குப் பின் ஏற்பட்ட உடன்பாட்டின்படி 1986 ஆம் ஆண்டில் இந்தியாவுக்கு வந்தது.

1976 ஆம் ஆண்டில் பத்தூரில் மண்ணில் இருந்து தோண்டி எடுக்கப்பட்டு இலண்டன் சென்ற ஆடவல்லானின் வழக்கு இன்னும் சுவையானது. அதை வாங்கியிருந்த கனடிய நிறுவனத்துக்கு எதிராக இங்கிலாந்து நீதிமன்றத்தில் பத்தூர்க் கோயிலும் ஒரு தரப்பாக நின்றது. இந்தியச் சட்டத்தில் கோயிலுக்குச் சட்டப்படியான ஆளுமை உண்டு என்பதை ஆங்கில நீதிமன்றம் ஏற்றுக்கொண்டு கோயிலின் உரிமையை உறுதி செய்தது. சிலை 1991 ஆம் ஆண்டில் திரும்பியது. இவ்விரு வழக்குகளும் ஒவ்வொரு சிலைக்காக நடந்தவை. கபூர் வழக்கிலோ ஒரு விற்பனையாளரின் முழுக் கணக்கேடே திறந்துகொண்டது.

திரும்பிய திருமேனிகள்

செப்டம்பர் 5, 2014 அன்று ஆஸ்திரேலியப் பிரதமர் டோனி அபட் புதுதில்லியில் இந்தியப் பிரதமர் நரேந்திர மோதியிடம் சிறீபுரந்தான் ஆடவல்லானை ஒப்படைத்தார். அதனுடன் நியூ சவுத் வேல்சு கலைக்கூடம் 2004 ஆம் ஆண்டில் வாங்கிய கற்சிற்பமான அர்த்தநாரீசுவரரும் திரும்பியது. அது விருத்தாசலம் விருத்தகிரீசுவரர் கோயிலின் வெளிச்சுவர் மாடத்தில் இருந்தது. மாடத்தில் புதிய சிற்பம் ஒன்று வைக்கப்பட்டிருந்தமையால் பழையது போனதை நெடுங்காலம் எவரும் பொருட்படுத்தவில்லை. தொலீடோவின் பிள்ளையார் 2014 ஆம் ஆண்டிலும், சிங்கப்பூரின் உமை 2015 ஆம் ஆண்டிலும் திருப்பித் தரப்பட்டன.

2021 சூலையில் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் மேலும் 14 பொருள்களைத் திருப்பித் தர முன்வந்தது. அவற்றுள் 13 கபூரிடம் வாங்கியவை. அதே ஆண்டு அக்டோபரில் மன்காட்டன் அரசு வழக்கறிஞர் அலுவலகம் இந்தியாவிடம் ஒப்படைத்த 248 பழம்பொருள்களில் 235 கபூர் தொடர்புடையவை. கபூரின் கொடையைக் கண்காட்சியாக்கிய மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம், அவர் கைவழி வந்தவை எனக் கண்டறியப்பட்ட 15 சிற்பங்களை இந்தியாவுக்கு அளிப்பதாக 2023 மார்ச்சில் அறிவித்தது.

நாடு திரும்புவதும் கோயிலுக்குத் திரும்புவதும் ஒன்றல்ல. வழக்கு முடியும்வரை சிலைகள் நீதிமன்றத்தின் சான்றுப் பொருள்கள் ஆகும். முடிந்த பின்னரும் காவலும் பூசையும் இல்லாத கோயிலில் அவற்றை வைக்க இயலாது. அத்தகைய திருமேனிகளுக்காக இந்து சமய அறநிலையத் துறை மாவட்டங்களில் பாதுகாப்பு மையங்களை நடத்திவருகிறது. ஐம்பது இலட்சம் டாலர் விலைபோன சிறீபுரந்தான் ஆடவல்லானும் கும்பகோணத்தில் உள்ள அத்தகைய மையத்துக்கே கொண்டுசெல்லப்பட்டது. நூற்றுக்கணக்கான கோயில்களின் திருமேனிகள் அங்குப் பூட்டிய அறைகளில் வரிசையாக வைக்கப்பட்டுள்ளன.